பாஸ்கர்வில் நாய் திரிந்த இடங்களில் எதைப் பார்க்கலாம்?

தக்கலைக்காரன்:
அக்கா இங்கிலாந்தில் எக்ஸெட்டரில் நர்ஸ். அடுத்த மாதம் நானும் அம்மாவும் போகிறோம், பக்கத்திலுள்ள டார்ட்மூர் என்ற மேட்டுப் பொட்டல்வெளியைப் பார்க்க எனக்கென்று ஒரு நாள் கேட்டு வாங்கியிருக்கிறேன். பள்ளியில் படிக்கும்போது கோனன் டாயில் எழுதிய, ஷெர்லாக் ஹோம்ஸ் துப்பறியும் பாஸ்கர்வில் நாய்க் கதையைக் கரண்ட் போன ராத்திரியில் டார்ச் அடித்துப் படித்துவிட்டு, கிணற்றடிக்குப் போகவே பயந்த ஆள் நான். கதையில் வரும் பாஸ்கர்வில் ஹால் என்ற வீடு உண்மையில் எது? அதில் வரும் கிரிம்பன் சதுப்பு எங்கே இருக்கிறது?

நாஞ்சில் வாசகன்:
வீட்டைத் தேடி அலையாதே மக்கா, நாள் போய்விடும். புரூக் மேனர் என்பார்கள், நார்போக்கில் உள்ள குரோமர் ஹால் என்பார்கள் (அது இங்கிலாந்தின் மறுகோடி), சண்டை இன்னும் தீரவில்லை. என்னைக் கேட்டால், கோனன் டாயில் நாலு இடத்தில் பார்த்ததைச் சேர்த்து ஒரு வீடு கட்டிவிட்டார், அவ்வளவுதான்.

நீ நேரே டார்ட்மூரிலுள்ள பிரின்ஸ்டவுன் போ. 1901 இல் டாயிலும் நண்பர் பிளெட்சர் ராபின்சனும் தங்கிய டச்சி ஹோட்டல் அந்த ஊரில்தான் இருந்தது. ஜெயிலும் அங்கேதான், நெப்போலியன் காலத்துப் போர்க்கைதிகளை அடைக்கக் கட்டியது; கதையில் செல்டன் என்ற கைதி தப்பி ஓடுவது அதிலிருந்து. ஊருக்குத் தென்கிழக்கே சில கிலோமீட்டரில் ஃபாக்ஸ் டோர் மயர்ஸ் என்று ஒரு சதுப்பு, அதுதான் கிரிம்பன் என்று பெரும்பாலும் எல்லாரும் ஒத்துக்கொள்கிறார்கள்.

மார்த்தாண்டம் டீச்சர்:
மகள் அங்கே படித்தபோது போயிருக்கிறேன். தூரத்திலிருந்து பார்த்தால் நம்மூர் நாற்றங்கால் மாதிரி அழகான பச்சை, அந்தப் பச்சையை மட்டும் நம்பாதீர்கள் தம்பி, மேலே பாசி மெத்தை, கீழே தண்ணீரும் சேறும், என் ஒரு ஷூ இன்னும் அங்கேதான் கிடக்கிறது. காற்று ஆரல்வாய்மொழிக் காற்றேதான், ஆனால் ஐஸில் முக்கி எடுத்தது.

அப்புறம் கிரிம்ஸ்பவுண்டை விடாதீர்கள். வெண்கலக் காலத்துக் குடியிருப்பு, 24 வட்டக் கல்வீடுகளின் அடித்தளம், சுற்றிப் பெரிய கல்வளையம். ஹோம்ஸ் ஒளிந்திருந்த கற்குடிலை எழுத இதுதான் தூண்டுதல் என்பார்கள். கூரை ஒன்றுக்கும் இல்லை, இப்போது ஹோம்ஸ் வந்தால் நனைந்துதான் போவார்.

தக்கலைக்காரன்:
டீச்சர், நன்றி! பக்பாஸ்ட்லேயில் ஏதோ கல்லறை இருக்கிறதாமே?

நாஞ்சில் வாசகன்:
ரிச்சர்ட் கேபல் கல்லறை. 1677 இல் செத்தவர், பொல்லாத ஆள் என்று ஊர்ப்பேச்சு, அவர் செத்த ராத்திரி கருப்பு நாய்கள் ஊளையிட்டு வந்ததாகக் கதை. எழும்பி வந்துவிடக் கூடாதென்று மேலே பாரக்கல்லை வைத்து, சுற்றிக் கம்பி போட்டு ஒரு சின்னக் கட்டடமே கட்டிவிட்டார்களாம். கள்ளியங்காட்டு நீலி கதை கேட்டு வளர்ந்த நமக்கு இது புதுசா? நாம் யட்சியை மரத்தில் ஆணி அடித்துத் தளைப்போம், அவர்கள் கல்லைத் தூக்கி வைத்திருக்கிறார்கள். பக்கத்துச் சர்ச் 1992 இல் தீப்பிடித்தது, சுவர்தான் மிச்சம்.

தக்கலைக்காரன்:
சரி அண்ணே, அங்கேயும் போய்விடுகிறேன். அம்மாவும் கூட வருகிறேன் என்கிறாள். பழைய சர்ச் என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன்.