சார்ஜ் வந்தால் தமிழில் எதைத்தான் எழுதுவது?

தட்டச்சுக்காரி:
நீதிமன்றத்துக்கு எதிரே தட்டச்சு, மொழிபெயர்ப்புக் கடை வைத்திருக்கிறேன். ஓய்வுபெறப் போகும் ஓர் அரசு அலுவலரின் வழக்குக் கட்டு வந்திருக்கிறது, தமிழாக்கித் தரவேண்டும். முதல் தாளில் அவர் 'சார்ஜ்' எடுக்கிறார். அடுத்ததில் பக்கத்து அலுவலகத்துக்கும் 'அடிஷனல் சார்ஜ்'. பிறகு 'சார்ஜ் மெமோ'. அதே விவகாரத்துக்குப் போலீஸ் தனியாக 'சார்ஜ் ஷீட்' போட, கோர்ட்டில் 'சார்ஜ்' ஃபிரேம் ஆகியிருக்கிறது. கடைசியில் பாகப்பிரிவினைப் பத்திரம்: அம்மாவின் ஜீவனாம்சத்துக்காக வீட்டின் மேல் ஒரு 'சார்ஜ்'. செயலியில் போட்டுப் பார்த்தேன், அவர் அலுவலகத்துக்கு மின்னேற்றம் செய்தார் என்கிறது. எதற்கு எதை எழுத?

ரிக்கார்டு ரூம்:
அம்மா, நான் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். வரிசையாகச் சொல்கிறேன்.

சார்ஜ் எடுப்பது பொறுப்பேற்பது. தேதியோடு மு.ப. அல்லது பி.ப. என்று இருக்கும், அதை விட்டுவிடாதீர்கள். போகிறவர் பிற்பகலில் ஒப்படைத்தார் என்றால் அன்றைய பகல் முழுக்க நடந்ததற்கு அவர்தான் பதில் சொல்லவேண்டும். சாவி, முத்திரை, ரொக்கப் பதிவேட்டின் இருப்புத் தொகை எல்லாம் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட தாள் ஒன்று கட்டுக்குள் இருக்கும், தேடிப் பாருங்கள். பாதி வழக்கு அதில்தான் தீரும். அடிஷனல் சார்ஜ் 'கூடுதல் பொறுப்பு'.

சார்ஜ் மெமோ 'குற்றச்சாட்டுக் குறிப்பாணை'. அரசுப் பணியாளர் ஒழுங்கு விதிகளில் 17(அ)வா 17(ஆ)வா என்று பார்த்து அப்படியே போடுங்கள். முதலாவது சிறு தண்டனைக்கு, இரண்டாவதில் வேலையே போகலாம். ஆபீஸில் 'செவன்டீன் பி வந்துடுச்சு' என்று யாராவது சொன்னால் அன்று டீ கூட இறங்காது.

போலீஸ் தருவது குற்றப்பத்திரிகை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 173ஆவது பிரிவு, 2024 ஜூலை முதல் வந்த புதிய சட்டத்தில் 193. எந்தக் குற்றத்துக்கு விசாரணை என்று கோர்ட் வகுத்து எழுதுவது வேறு, அது 'குற்றச்சாட்டு வனைதல்'. இரண்டையும் ஒரே சொல்லால் எழுதினால், நீதிபதி செய்ததைப் போலீஸ் செய்ததாக ஆகிவிடும். எத்தனை மொழிபெயர்ப்பில் இந்தக் கூத்தைப் பார்த்திருக்கிறேன்!

வீட்டின் மேல் உள்ளது 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டம் 100ஆவது பிரிவு. 'சொத்தின் மீதான பொறுப்பு' என்று எழுதுங்கள். அடமானம் என்று எழுதவே கூடாது. அது தனி.

பனங்கூடல்:
நான் யாழ்ப்பாணம். எங்கட பக்கம் 'பாரமெடுத்தல்' என்பார்கள். களஞ்சியத்துச் சாமானையும் பாரமெடுக்கலாம், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் பாரமும் கொடுக்கலாம். இயற்பியல் புத்தகத்தில் நாங்கள் படித்தது 'ஏற்றம்': நேர் ஏற்றம், மறை ஏற்றம். உங்கள் பிள்ளைகள் மின்னூட்டம் என்று படிக்கிறார்கள் போல.

பிளஸ் டூ வாத்தியார்:
ஆமாம் அண்ணா, இங்கே மின்னூட்டம்தான். ஆனால் உங்கள் ஏற்றமும் பாரமும்தான் மூலத்துக்குக் கிட்டே நிற்கின்றன. லத்தீனில் 'கர்ருஸ்' என்றால் வண்டி. வண்டியில் சுமை ஏற்றுவதிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது சார்ஜ். கார்கோவும் அதே குடும்பம். ஆள் மேல் வேலையை ஏற்றினால் பொறுப்பு, செலவை ஏற்றினால் கட்டணம், பழியை ஏற்றினால் குற்றச்சாட்டு. தமிழிலும் வரி, பழி, பொறுப்பு மூன்றையும் 'சுமத்து'கிறோமே.

துப்பாக்கிக்குள் ஏற்றும் மருந்தும் சார்ஜ். 1740களின் கடைசியில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் லைடன் ஜாடி என்ற கண்ணாடிக் குடுவையில் மின்சாரத்தை அடைத்தபோது அந்தப் பேச்சைத்தான் எடுத்துக்கொண்டார். ஜாடிகளை வரிசையாக இணைத்ததற்கு அவர் வைத்த 'பேட்டரி' என்ற பெயர், அதற்கு முன் பீரங்கி வரிசையின் பெயர். வகுப்பில் இதைச் சொன்னால் பின் பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும். குதிரைப்படை பாய்வதும் சார்ஜ்தான், நம் லத்தி சார்ஜ் அந்த வம்சம். அதற்கு மட்டும் சுமத்து பொருந்தாது, தடியடி என்றே இருக்கட்டும்.

தட்டச்சுக்காரி:
ரொம்ப நன்றி ஐயா, எல்லாருக்கும். மு.ப. பி.ப. தாள் கிடைத்துவிட்டது, நான்காக மடித்து பென்ஷன் படிவத்துக்குள் செருகியிருந்தார்கள். இன்னொன்று கேட்கலாமா? அவரே போட்ட 'டிஸ்சார்ஜ்' மனு ஒன்றும் இருக்கிறது. 'விடுதலை மனு' என்று போடலாம்தானே?

ரிக்கார்டு ரூம்:
வேண்டாம் அம்மா! விசாரணை முழுக்க நடந்து குற்றவாளி இல்லை என்று சொன்னால்தான் விடுதலை. இது சாட்சி விசாரணைக்கு முன்பே, வழக்குத் தொடரவே போதிய முகாந்திரம் இல்லை என்று கேட்பது. 'விடுவிப்பு மனு' என்று போடுங்கள். அந்த மனு மீதான உத்தரவு சார்ஜ் வனைவதற்கு முந்தைய தேதியில் இருக்கவேண்டும், தாளைப் புரட்டிச் சரிபாருங்கள். தள்ளுபடி ஆகியிருந்தால்தான் வழக்கு இவ்வளவு தூரம் வந்திருக்கும்.