புதுப்பிப்பு: கார் இல்லாமல் மசூரியா கோட்டைகள், தேவாலயங்கள்

போலந்தின் வார்மியா-மசூரியா ஏரிப் பகுதியில் கார் இல்லாமல் கோட்டைகளும் பழைய தேவாலயங்களும் பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தேன். முடியும், போய் வந்தாச்சு. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

ஓல்ஷ்டினில் தங்கி, ரயிலில் கென்ட்ஷின் போய், அங்கிருந்து ரெஷெல் பஸ்ஸைப் பிடிக்கச் சொன்னவர் யோசனைதான் சரிப்பட்டது. டாக்ஸி கட்டுப்படியாகவில்லை.

கென்ட்ஷினின் புனித ஜார்ஜ் தேவாலயம் தூரத்தில் பார்த்தால் கோட்டை மாதிரியேதான் இருக்கிறது, ஊர் மதிலோடு சேர்த்துக் கட்டியது. அடுத்து வழியிலேயே ஷ்வியென்டா லிப்கா என்ற யாத்திரைத் தேவாலயம். அங்கே 1721-இல் முடித்த ஆர்கனை (பெரிய குழாய் இசைக்கருவி) வாசிக்கும்போது அதன்மேல் உள்ள பொம்மைகள் அசைகின்றன: கபிரியேல் தூதர் மரியாளுக்குத் தலைவணங்க, மரியாள் மெல்லத் தலையசைக்கிறார், நட்சத்திரங்கள் சுற்றுகின்றன. பூசை நேரத்தில் சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள், ஆர்கன் நேரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள்.

யாரும் சொல்லாத ஒன்று: அங்கிருந்து ரெஷெலுக்கு 6 கிலோமீட்டர்தான், பழைய யாத்திரைப் பாதை, வழிநெடுக 1730-களில் கட்டிய 15 ஜெபமாலைச் சிற்றாலயங்கள். பஸ்ஸை விட்டுவிட்டு நடந்தேன், எனக்கு மொத்தப் பயணத்திலும் பிடித்தது அதுதான். ரெஷெலில் வார்மியா ஆயர்களின் செங்கல் கோட்டை இப்போது ஓட்டலும் கலைக்கூடமும்.

அப்புறம், ஓல்ஷ்டின் கோட்டைச் சுவரில் கோப்பர்நிக்கஸ் 1517-இல் வரைந்த வானியல் அட்டவணையை விட்டுவிடாதீர்கள். திங்கட்கிழமை அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் மூடியிருக்கும், ஞாயிறு கிராமத்து பஸ் குறைவு.