பிரிவுக்குப் பின் நாட்குறிப்பு எழுதினால் மனம் ஆறுமா?

நொய்யல்கரை (திருப்பூர்):
அனைவருக்கும் வணக்கம். பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மெர்ச்சண்டைசராக வேலை பார்க்கிறேன். கல்லூரிக் காலம் தொட்டு ஒருவருடன் இருந்த உறவு, இரு வீட்டாரும் பேசத் தொடங்கிய வேளையில் அவர் விலகிக்கொண்டதால் முடிந்துபோனது. மனம் ஆறட்டும் என்று இரவு நேரத்தில் எழுதத் தொடங்கினேன். ஆனால் அவர் கடைசியாகப் பேசிய பேச்சும், அதற்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில்களுமே பக்கம் பக்கமாக வருகின்றன. நோட்டை மூடிய பிறகு தூக்கம் வருவதில்லை. அவரைச் சந்திக்கும் முன் எனக்கு என்னவெல்லாம் பிடித்தது என்பதுகூட மறந்துவிட்டது. எழுதுவதை விட்டுவிடலாமா? வீட்டில் யார் கண்ணிலாவது நோட்டு பட்டுவிடுமோ என்ற அச்சமும் இருக்கிறது.

பவானி வாசகர்:
விட வேண்டாம், ஆனால் எழுத்துக்கு ஒரு வரம்பு வையுங்கள். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர், சாண்ட்ரா பீலுடன் சேர்ந்து 1986இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தங்கள் ஆறாத துயரத்தைப் பற்றி நாளொன்றுக்கு 15 நிமிடம் வீதம் 4 நாட்கள் மட்டுமே எழுதினார்கள். நடந்ததையும் அதனால் உண்டான உணர்வையும் சேர்த்து எழுதியவர்களுக்கு அப்போதைக்கு வருத்தம் கூடியது. எனினும் அடுத்து வந்த மாதங்களில் அவர்கள் மருத்துவ மையத்துக்குச் செல்வது மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. ஆகவே எழுதியதும் மனம் கனப்பதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. படுக்கும் நேரத்தை மட்டும் தவிர்த்து, வேலை முடிந்து வந்ததும் எழுதிப் பாருங்கள்.

மருதமலை அடிவாரம் (கோவை):
மேலே சொன்னது சரிதான், ஆனால் எல்லோருக்கும் பொருந்தாது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அண்மையில் மணவாழ்விலிருந்து பிரிந்தவர்களைக் கொண்டு டேவிட் ஸ்பார்ரா குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், நடந்ததையே திரும்பத் திரும்ப நினைத்துக் காரணம் தேடும் இயல்புள்ளவர்களுக்கு உணர்வுகளைக் கொட்டி எழுதுவது மீட்சியைத் தாமதப்படுத்தியது. அன்றாடம் செய்த வேலைகளை மட்டும் எழுதியபோது அவர்கள் மேலான நிலையில் இருந்தார்கள். நீங்கள் விவரிப்பதைப் பார்த்தால் உங்களுக்கும் இரண்டாவது வழியே ஏற்றது என்று தோன்றுகிறது. "காலையில் வந்த லேப் டிப்பில் (சாயமிட்ட மாதிரித் துணியில்) நிறம் ஒத்துவரவில்லை, திருப்பி அனுப்பினேன், மதியம் அரிசிம்பருப்புச் சாதம், மாலையில் டீச்சரம்மா வீட்டுக்கு நடந்தே போனேன்" என்ற அளவில் எழுதுங்கள். பிறகு அவற்றில் யாரும் சொல்லாமல் நீங்களே விரும்பிச் செய்தது எதுவோ அதன் கீழே ஒரு கோடு போடுங்கள். மறந்துபோனதாக நீங்கள் சொல்லும் விருப்பங்கள் அந்தக் கோடுகளுக்கு மேலேதான் ஒவ்வொன்றாகத் தென்படும். உட்கார்ந்து யோசித்து அவற்றை வரவழைக்க முடியாது.

கோபி அத்தை:
அம்மிணி, அவர் பெயரே வராமல் ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். முதலில் பேனா நகராது. பள்ளி நாள், பாட்டி வீடு, விட்டுப்போன பாட்டு வகுப்பு என்று தொடங்கினால் பிறகு தானாக வரும். யாரும் பார்க்கக் கூடாத கோபத்தைத் தனித்தாளில் எழுதி அன்றே கிழித்துவிடுங்கள். நோட்டில் ஏற்ற வேண்டாம். தூக்கமின்மை நீடித்தாலோ, வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினாலோ, நோட்டை நம்பி இருக்காமல் உடனே 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள். அரசின் இலவசச் சேவை அது, எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

நொய்யல்கரை:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. காரணம் தேடுகிறவள்தான் நான். அதை இன்னொருவர் எடுத்துச் சொன்ன பிறகே புரிகிறது. நோட்டை அலுவலக மேசையில் பூட்டி வைத்து, ஷிப்மென்ட் அவசரம் இல்லாத மாலைகளில் அன்றைய வேலைகளை மட்டும் எழுதப் போகிறேன். அத்தை சொன்ன பக்கத்தை ஞாயிற்றுக்கிழமை எழுதுகிறேன். ஒரு சந்தேகம்: முன்பு எழுதிய பக்கங்களை இப்போதே கிழித்துவிடலாமா, அல்லது சில மாதங்கள் வைத்திருக்கலாமா?