புறநகர் வீட்டை வித்துட்டு சிட்டிக்குள்ள காண்டோ (அடுக்குமாடி வீடு) போலாமா? போனவங்க சொல்லுங்க

தோட்டக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். வீட்ல ரொம்ப நாளா ஓடிட்டு இருக்கற பஞ்சாயத்து இது, முடிவே வர மாட்டேங்குது, அதான் இங்க போடறேன். இப்ப இருக்கறது சிட்டிக்கு வெளிய தனி வீடு, முன்னாடியும் பின்னாடியும் கொஞ்சம் இடம், கார் ஷெட், மேல ஒரு ரூம் முழுக்க சாமான். பசங்க படிப்பு வேலைன்னு கிளம்பிட்டாங்க, நானும் வீட்டுக்காரம்மாவும் மட்டும்தான். கூரை ஒழுகுனா நான், சாக்கடை அடைச்சா நான், புல்லு வெட்டணும்னா நான், அதுக்கு மேல ஆபீஸ் போக வர டிராஃபிக்லயே பாதி உசுரு போயிடுது, முட்டியும் முன்ன மாதிரி இல்ல.

போன மாசம் சிட்டிக்குள்ள ஒரு காண்டோ பாத்தோம். 2 பெட்ரூம், 14வது மாடி, ஹால்ல மேற்கு பாத்து தரையிலேர்ந்து சீலிங் வரைக்கும் கண்ணாடி, சாயங்காலமா கூட்டிட்டுப் போய் காட்டுனாங்க, வியூ சும்மா அள்ளுது. வீட்டுக்காரம்மா மனசளவுல அங்க குடி போயாச்சு. எனக்குத்தான் உறுத்துது. லோன் முடிஞ்சாலும் மெயின்டனன்ஸ் முடியாதாமே. சுத்தி ஆளுங்க, சத்தம் எப்படி இருக்கும்னு தெரியல. இத்தனை வருஷ சாமானை எங்க கொண்டு போய் வைக்கறது. மெயின்டனன்ஸ் கம்மியா இருக்கற பில்டிங்கா பாத்து போனா நல்லதா? அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க, நல்லது கெட்டது ரெண்டும்.

கணக்குப்புள்ள:

சார், நான் ஒரு காண்டோ ஓனர்ஸ் அசோசியேஷன்ல ட்ரெஷரர், அதனால கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்கோங்க. கடைசி கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிடறேன், மெயின்டனன்ஸ் கம்மின்னு சந்தோஷப்படாதீங்க, ஏன் கம்மின்னு கேளுங்க.

தனி வீட்லயும் நீங்க மெயின்டனன்ஸ் கட்டிட்டுத்தான் இருக்கீங்க, மாசாமாசம் பில்லு வராததால தெரியல. பெயின்ட்டு, கூரை, மோட்டார்னு அஞ்சு வருஷ செலவ கூட்டி மாசத்துக்கு வகுத்துப் பாருங்க. ஆனா உங்க வீட்ல இந்த வருஷம் கையில காசு இல்லன்னா பெயின்ட்ட தள்ளிப் போட்டுடுவீங்க, காண்டோல அத மீட்டிங்ல கைதூக்கி முடிவு பண்ணுவாங்க. நீங்க வாங்கறது நாலு சுவருக்குள்ள இருக்கற இடம், அதோட சேத்து லிஃப்ட்டு, மொட்டை மாடி, பைப்பு, அஸ்திவாரம் எல்லாத்துலயும் பிரிக்க முடியாத ஒரு பங்கு. பங்கு எவ்ளோவோ செலவும் அவ்ளோ.

மாசம் கட்டற பணம் ரெண்டா பிரியும். ஒண்ணு அன்னாட செலவு, செக்யூரிட்டி, கிளீனிங், காமன் கரண்ட்டு, லிஃப்ட் சர்வீஸ், இன்சூரன்ஸ். இன்னொண்ணு ரிசர்வ் ஃபண்ட், சில இடத்துல சிங்கிங் ஃபண்ட்னு சொல்வாங்க, பெரிய வேலைக்குன்னு சேத்து வைக்கறது. லிஃப்ட்ட 20, 25 வருஷத்துல பெருசா மாத்த வேண்டி வரும், மொட்டை மாடி வாட்டர்ப்ரூஃபிங் பொதுவா அதுக்கும் முன்னாடியே வந்து நிக்கும். புது பில்டிங்ல விக்கறதுக்காகவே மெயின்டனன்ஸ கம்மியா வச்சிருப்பாங்க, பில்டர் கை கழுவுனப்புறம் ஏறும். பழைய பில்டிங்ல கம்மியா இருந்தா பெரும்பாலும் மீட்டிங்ல யாரும் ஏத்த விடலன்னு அர்த்தம், ஃபண்ட் காலியா இருக்கும், ஒரு நாள் ஸ்பெஷல் கலெக்ஷன்னு பெரிய தொகையா கேப்பாங்க, அப்ப புதுசா வந்தவரும் கட்டித்தான் ஆகணும்.

காசோட போச்சுன்னா பரவால்ல. 2021 ஜூன்ல அமெரிக்காவுல ஃப்ளோரிடால சர்ஃப்சைட்ங்கற ஊர்ல 12 மாடி காண்டோவோட ஒரு பெரிய பகுதி ராத்திரியில இடிஞ்சு விழுந்து 98 பேர் செத்தாங்களே, 1981ல கட்டுனது. நீச்சல் குளத்து டெக்ல வாட்டர்ப்ரூஃபிங் போய் கீழ இருக்கற கான்கிரீட் கெட்டுட்டு வருதுன்னு 2018லயே இன்ஜினியர் எழுதிக் குடுத்துட்டார், பில்லு பெருசு, யாரு எவ்ளோ கட்டறதுன்னு பேசிப் பேசியே வருஷம் ஓடிருச்சு. அதுக்கப்புறம்தான் 2022ல அந்த மாநிலத்துல 3 மாடியும் அதுக்கு மேலயும் இருக்கற காண்டோக்கெல்லாம் பழசானா ஸ்ட்ரக்சர் ஆய்வு, ரிசர்வ் ஃபண்ட் கணக்குன்னு சட்டத்துலயே கட்டாயமாக்குனாங்க.

அதனால வியூவ வீட்டுக்காரம்மா பாத்துக்கட்டும், நீங்க பேப்பர பாருங்க. 3 வருஷ ஆடிட் கணக்கு, ரிசர்வ்ல எவ்ளோ இருக்கு, எத்தனை வீடு மெயின்டனன்ஸ் பாக்கி, கோர்ட்ல கேஸ் ஏதாவது ஓடுதா, அப்புறம் மீட்டிங் மினிட்ஸ், அதாவது மீட்டிங்ல பேசுனத எழுதி வச்ச குறிப்பு. மினிட்ஸ கண்டிப்பா வாங்குங்க சார். பேஸ்மென்ட்ல தண்ணி வருதுன்னு ஒவ்வொரு மீட்டிங்லயும் அதே பேச்சு வந்துட்டே இருந்தா அங்க என்ன நடக்குதுன்னு புரிஞ்சிடும். யாரு யாரோட சண்டைங்கறதும் தெரியும், படிக்க சுவாரசியமாத்தான் இருக்கும்.

நைட்ஷிஃப்ட்:

சத்தத்துக்கு நான் வரேன், பகல்ல தூங்கற ஆளு. சத்தம் ரெண்டு வகை ப்ரோ. பேச்சு, டிவி எல்லாம் காத்துல வர்றது, கான்கிரீட் ஸ்லாப் அத நல்லாவே தடுத்துடும். சேர் இழுக்கறது, புள்ளைங்க குதிக்கறது, ஏதாவது கீழ போடறது, இதெல்லாம் ஸ்லாப்பையே தட்டுது, அது கான்கிரீட் வழியாவே எறங்கும். நம்ம சீலிங்ல என்னத்த ஒட்டுனாலும் அவ்ளோவா பலன் இருக்காது, மேல் வீட்ல டைல்ஸுக்கு அடியில அண்டர்லே (அதிர்வ வாங்கிக்கற மெத்துன்னு ஒரு ஷீட்) போட்டிருந்தாலோ கார்பெட் விரிச்சாலோதான் கொறையும். தரைய மாத்துனா அண்டர்லே போடணும்னு பைலால, அதாவது அசோசியேஷன் விதில, இருக்கான்னு கேளுங்க, இருந்தா நல்ல பில்டிங்.

பெட்ரூம் சுவத்துக்கு அந்தப் பக்கம் என்னன்னு பிளான்ல பாருங்க. லிஃப்ட்டா, குப்பை போடற ஷூட்டா, பாத்ரூம் பைப்பு எறங்கற டக்ட்டா, ஜிம்மா. 14வது மாடின்னா ரோட்டு சத்தம் வராதுன்னு நெனைக்காதீங்க, நேரா பார்வையில மேம்பாலமோ ஹைவேயோ இருந்தா கேக்கத்தான் செய்யும். சனிக்கிழமை ராத்திரி ஒரு தடவை, வேலை நாள்ல காலைல ஒரு தடவை போய் ஜன்னல தொறந்து வச்சு சும்மா உக்காந்துட்டு வாங்க.

இன்னொண்ணு, மேற்கு பாத்த கண்ணாடின்னு சொன்னதும் எனக்கு பக்குன்னு இருக்கு. சாயங்காலமா காட்டுனாங்கன்னா வெயில் எறங்குனப்புறம் காட்டியிருக்காங்க. வெயில் காலத்துல மதியம் 3 மணிக்குப் போங்க. உள்ள திரை போட்டா வெளிச்சம்தான் நிக்கும், அதுக்குள்ள சூடு பாதி உள்ள வந்துடும், வெளிய தட்டி கட்டுனாத்தான் வெக்கை கொறையும், ஆனா வெளிப்பக்கம் நீங்க ஒரு ஆணி கூட அடிக்க முடியாது, அது காமன் ஏரியா.

படிக்கட்டு:

முட்டி வலின்னு சொல்றீங்க, 14வது மாடிங்கறீங்க. எத்தனை வீட்டுக்கு எத்தனை லிஃப்ட்டு, ஒண்ணு சர்வீஸ்ல இருந்தா மிச்சம் எத்தனை, கரண்ட் போனா ஜெனரேட்டர் லிஃப்ட்டுக்கும் தண்ணி பம்ப்புக்கும் சேத்தா இல்ல காரிடார் லைட்டுக்கு மட்டுமா? இத ஒரு வரி கேட்டுடுங்க. நாங்க இதுக்காகவே 4வது மாடி எடுத்தோம், வியூ கிடையாது, மரம் தெரியும்.

டேப்_கையில:

அண்ணா, சாமான் பத்தி யாருமே பேசல. முதல்ல அளவு. விளம்பரத்துல போடற சதுர அடில சுவர் தடிமன், பால்கனி, சில இடத்துல லாபி பங்கு கூட சேந்திருக்கும், உங்க சோபா போடப்போறது கார்பெட் ஏரியால, அதாவது சுவருக்குள்ள இருக்கற தரையிலதான், அது மட்டும் எவ்ளோன்னு தனியா கேட்டு வாங்குங்க. அப்புறம் புது வீட்டு ஹால் அளவ இப்ப இருக்கற வீட்டுத் தரையிலேயே டேப் ஒட்டி குறிச்சுட்டு அதுக்குள்ள சாமான நகத்திப் பாருங்க, பேப்பர்ல போட்டுப் பாக்கறத விட இது பட்டுன்னு புரியும். அங்க டைனிங் டேபிள சுத்தி நடக்க முடியலன்னா டேபிள் போகணும், விவாதமே வேணாம்.

லிஃப்ட் வாசல், லிஃப்ட் உள்ள மூலைக்கு மூலை, காரிடார் திருப்பம் மூணும் அளந்துக்கோங்க. வார்ட்ரோப் கழட்ட முடியுதான்னு பாத்துக்கோங்க. நெறைய பில்டிங்ல சாமான் ஏத்த சர்வீஸ் லிஃப்ட்ட முன்கூட்டியே புக் பண்ணணும், டெபாசிட் கேப்பாங்க, ஞாயித்துக்கிழமை விட மாட்டாங்க, இது தெரியாம லாரியோட போய் நின்னா அன்னிக்கு பூரா ரோட்லதான்.

பசங்க சாமானுக்கு ஒரு தேதி குடுத்துடுங்க, அதுக்குள்ள எடுத்துக்கலன்னா குடுத்துடுவோம்னு. வாடகை கோடவுன்ல போட்டு வைக்கலாம்னு ஒரு யோசனை கண்டிப்பா வரும், ஆசையா இருக்கும், வேணாம். ஏணி, புல்வெட்டி, தோட்டத்து ஹோஸ் எல்லாம் வீட்டோடயே சேத்து வித்துடுங்க, வாங்கறவருக்கு அது வேணும்.

திரும்பி_வந்தவன்:

எதிர்ப்பக்கமும் ஒருத்தன் சொல்லணும்ல. நான் காண்டோல இருந்துட்டு மறுபடியும் தனி வீட்டுக்கே வந்துட்டேன். காண்டோ மேல குறை எதுவும் இல்ல, ஆபீஸ் நடக்கற தூரம், ஊருக்குப் போனா கதவ பூட்டிட்டு போயிட்டே இருக்கலாம், அந்த சொகம் தனி வீட்ல கிடையாது. ஆனா நான் மரவேலை செய்யற ஆளு. அங்க டிரில் போடறதுன்னா நேரம் பாக்கணும், தூசி காரிடாருக்கு வந்தா லெட்டர் வரும், பெயின்ட் வாசனைன்னா பக்கத்து வீட்லேர்ந்து போன் வரும். அவங்க சொல்றதும் நியாயம்தான், நானும் கேட்டிருப்பேன். வெளிய போய் மண்ணுல கை வைக்காம இருக்க முடியாதுன்னு ஒரு கூட்டம் இருக்கு, உங்க பேரே தோட்டக்காரன்னு இருக்கு, அதான் கேக்கறேன், புல்லு வெட்டறது உங்களுக்கு தொல்லையா இல்ல அது ஒண்ணுதான் ரிலாக்ஸா? அத நேர்மையா யோசிங்க. முடிஞ்சா அதே பில்டிங்ல ஒரு வருஷம் வாடகைக்கு இருந்து பாருங்க, ஒரு வெயிலும் ஒரு மழையும் பாத்துட்டா போதும்.

தோட்டக்காரன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்ளோ வரும்னு எதிர்பாக்கல. புல்லு வெட்டறது தொல்லைதான் பாஸ், ரெண்டு தொட்டி செடி இருந்தா எனக்குப் போதும், பேரு அந்தக் காலத்துல வச்சது. வீட்டுக்காரம்மாகிட்ட 3 மணி வெயில் விஷயத்த படிச்சுக் காட்டுனேன், முறைச்சாங்க, ஆனா சனிக்கிழமை மதியம் போலாம்னு ஒத்துக்கிட்டாங்க. புரோக்கர்கிட்ட மினிட்ஸ் கேட்டா "அதெல்லாம் வெளிய தர மாட்டாங்க சார், நல்ல பில்டிங் சார்"ங்கறார். அப்புறம் கேக்க மறந்தது, இத வித்துட்டு அத வாங்கறதா, அத வாங்கிட்டு இத விக்கறதா?

கணக்குப்புள்ள:

உங்களுக்குத் தர மாட்டாங்க, விக்கறவர் ஓனர், அவர் கேட்டா பெரும்பாலும் குடுப்பாங்க. அவர்கிட்ட எழுத்துல கேளுங்க, அட்வான்ஸுக்கு முன்னாடி. அவரும் மழுப்புனா நான் அந்த இடத்த விட்டுடுவேன், சிட்டில வேற பில்டிங்கா இல்ல.

வித்துட்டு வாங்கறதுதான் என் கட்சி. கையில எவ்ளோன்னு தெரிஞ்சு பேரம் பேசலாம், ரெண்டு லோன் ஒண்ணா ஓடாது. நடுவுல எங்க இருக்கறதுன்னா, உங்க வீட்ட வாங்கறவர் ஒத்துக்கிட்டா அவருக்கே வாடகை குடுத்து கொஞ்ச மாசம் அங்கயே இருக்கற மாதிரி ஒப்பந்தத்துல எழுதிக்கலாம், இல்லன்னா மேல ஒருத்தர் சொன்ன மாதிரி அந்த பில்டிங்லயே வாடகைக்குப் போங்க. முதல்ல வாங்கிட்டு அப்புறம் விக்கப்போனா, விக்கலையேங்கற பயத்துலயே கிடைச்ச விலைக்குத் தள்ளுவீங்க.

மினிட்ஸ் கேக்கும்போது பில்டிங் இன்சூரன்ஸ் காப்பியும் சேத்து கேளுங்க. அது பெரும்பாலும் கட்டடத்துக்கும் காமன் ஏரியாவுக்கும்தான், உங்க சாமானுக்கும் உள்வேலைக்கும் தனி பாலிசி எடுக்கணும். உங்க வாஷிங் மெஷின் பைப்பு விட்டு 13வது மாடி சீலிங் நனைஞ்சா அது யாரு கணக்குன்னும் அதுல பாத்துக்கோங்க.