பழைய டிரக்கில் தனி மீட்டர் வைத்தவர்கள் சொல்லுங்கள்: முள் காட்டுவது நிஜம்தானா?

ஆயில் பிரஷர், டெம்பரேச்சர் எல்லாம் பார்க்கத் தனியாக மாட்டும் மீட்டரை எந்தக் கம்பெனியில் வாங்கலாம் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். பழைய வண்டியைப் பொறுத்தவரை அது கடைசியில் வர வேண்டிய கேள்வி. சென்சாரை எந்த இடத்தில் மாட்டுகிறோம், அதற்கு எர்த் எந்த வழியாகக் கிடைக்கிறது, இந்த இரண்டும் சரியாக அமைந்தால் சாதாரண மீட்டர்கூட உண்மையைச் சொல்லும். இரண்டில் ஒன்று கெட்டாலும் எவ்வளவு நல்ல மீட்டராக இருந்தாலும் முள் பொய்தான் சொல்லும். என் டீசல் டிரக்கில் ஆயில் பிரஷர், தண்ணீர் டெம்பரேச்சர், வோல்ட் மூன்றையும் முதலில் வைத்தேன், எக்ஸாஸ்ட் டெம்பரேச்சர் பிறகு சேர்ந்தது. அதில் பார்த்ததை எழுதுகிறேன், மற்றவர்களும் உங்கள் வண்டியில் நடந்ததைச் சொல்லுங்கள்.

வண்டியோடு வந்த கம்பெனி மீட்டர் இருக்கும்போது தனியாக எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு விஷயம். 80களின் பிற்பகுதியிலிருந்து வந்த ஃபோர்டு பிக்கப்களில் ஆயில் பிரஷர் சென்சார் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஆன்-ஆஃப் சுவிட்ச்தான் இருக்கும், மீட்டர் லைனில் 20 ஓம் ரெசிஸ்டர் ஒன்று. கொஞ்சம் பிரஷர் வந்தாலே முள் நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும். என் வண்டி வேறு கம்பெனி, ஆனால் முள்ளின் குணம் அதேதான். ஆயில் கெட்டியாக இருக்கும் குளிர்ந்த என்ஜினிலும் நடுவில், நீண்ட மேடு ஏறி முடித்து ஐடிலில் நிற்கும்போதும் அதே நடுவில். நிஜமான பிரஷர் ஒருநாளும் அப்படி இருக்காது. ஸ்டார்ட் ஆனதும் மேலே இருக்கும், சூடு ஏற ஏற இறங்கும், ரேஸ் கொடுத்தால் ஏறும். ஆயிரம் ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐ (பிரஷரின் அளவு) என்பது மெக்கானிக்குகள் வெகுகாலமாக வைத்திருக்கும் கணக்கு. அந்தக் கணக்கைப் பார்க்க அசையும் முள் வேண்டும். தண்ணீர் டெம்பரேச்சரிலும் இதே கதை உண்டு, ஓட்டுபவர் பயப்படக் கூடாது என்று நடுப்பகுதி முழுக்க முள் ஒரே இடத்தில் நிற்கும்படி செய்து வைத்த வண்டிகள் நிறைய. சிவப்புக்குப் போகும்போது மட்டும் சொல்லும், அதற்குள் ஹெட் கேஸ்கட் போயிருக்கும்.

அடுத்தது மெக்கானிக்கலா எலக்ட்ரிக்கலா என்ற கேள்வி. மெக்கானிக்கல் ஆயில் மீட்டர் துல்லியமானது, கரண்டே வேண்டாம், ஆனால் சூடான ஆயிலை ஒரு மெல்லிய குழாய் வழியாகக் கேபினுக்குள் கொண்டுவருகிறீர்கள். நைலான் குழாய் என்றால் எக்ஸாஸ்ட் பக்கம் போகவே கூடாது. செம்புக் குழாய் என்றால் அதிர்விலேயே களைத்து விரிசல் விடும், அதனால் என்ஜினுக்கும் பாடிக்கும் நடுவில் ஒரு சுருள் விட்டு வளைக்க வேண்டும். காலடியில் சூடான ஆயில் கொட்டுவதை நான் விரும்பவில்லை, எலக்ட்ரிக்கலுக்கே போனேன். மெக்கானிக்கல் டெம்பரேச்சர் மீட்டரின் குழாயை வெட்டி நீட்டவோ சுருக்கவோ முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், அது நிரப்பி அடைத்து வருவது, மடங்கினால் அதோடு சரி.

எலக்ட்ரிக்கல் வாங்கும்போது மீட்டரையும் சென்சாரையும் ஜோடியாகவே வாங்குங்கள். அமெரிக்க வகை ஆயில் பிரஷர் சென்சார் பிரஷர் இல்லாதபோது 240 ஓம், முழு பிரஷரில் 33 ஓம் காட்டும். ஐரோப்பிய விடிஓ கம்பெனி வகை நேர்மாறு, 10 ஓமில் தொடங்கி 180க்கு ஏறும். ஒன்றின் மீட்டருக்கு இன்னொன்றின் சென்சாரை மாட்டினால் என்ஜின் நின்றிருக்கும்போது முள் உச்சியில் இருக்கும், ஓடும்போது இறங்கும். 24 வோல்ட் வண்டிக்காரர்கள் மீட்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இப்போது சென்சார் இடம். கம்பெனி ஆயில் வார்னிங் லைட்டை எடுத்துவிடாமல் இருக்க T வடிவத்தில் இரண்டாகப் பிரியும் ஒரு பித்தளை இணைப்பு (டீ) போட்டு, ஒரு பக்கம் பழைய சுவிட்ச், இன்னொரு பக்கம் புது சென்சார் என்று வைப்பதுதான் வழக்கம். லைட்டை விட்டுவைப்பது நல்ல யோசனை, முள்ளைப் பார்க்காத நேரத்திலும் லைட் கண்ணில் படும். பிரச்சினை என்னவென்றால் புது சென்சாரின் தலை கனமானது. என்ஜின் பிளாக்கிலிருந்து டீ, டீயிலிருந்து அடாப்டர், அதிலிருந்து சென்சார் என்று நீட்டிக்கொண்டே போனால் டீசல் என்ஜினின் உதறலில் எல்லாக் கனமும் பிளாக்குக்குள் போகும் அந்த 1/8 அங்குல மரையின் கழுத்தில்தான் விழும். நண்பர் ஒருவர் வண்டியில் இதை நேரில் பார்த்தேன். ஆயில் சொட்டவில்லை, டீயின் கழுத்தைச் சுற்றி மட்டும் ஈரமாகத் தூசி ஒட்டியிருந்தது, துணியால் துடைத்துவிட்டு டார்ச் அடித்தால் கடைசி மரைக்கு ஒட்டினாற்போல் தலைமுடி அளவுக்கு ஒரு கோடு. விரலால் சென்சாரை லேசாக அசைத்தபோது அந்தக் கோட்டிலிருந்து ஆயில் முத்து முத்தாக வந்தது. அது முழுதாக உடைந்திருந்தால் என்ஜின் ஆயில் முழுவதையும் பம்பே வெளியே தள்ளியிருக்கும். அதனால் நான் பிளாக்கிலிருந்து ஒரு பின்னல் ஹோஸ் எடுத்து, டீயையும் சென்சாரையும் ஃபயர்வாலில், அதாவது என்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் இருக்கும் தகட்டில், கிளாம்ப் போட்டு நிறுத்தினேன்.

அப்படி நிறுத்தினால் எர்த்தை மறக்கக் கூடாது. ஒற்றை ஒயர் சென்சாருக்கு அதன் மரைதான் எர்த். பிளாக்கில் இருந்தால் தானாகக் கிடைத்துவிடும், ஹோஸில் தொங்கவிட்டால் தனி ஒயர் இழுக்க வேண்டும். பிளாக்கிலேயே மாட்டுபவர்களும் டெஃப்லான் டேப்பை மரை தெரியாத அளவுக்குச் சுற்றாதீர்கள், உலோகமும் உலோகமும் தொடாமல் போனால் முள் தன் இஷ்டத்துக்கு ஆடும். பேஸ்ட் சீலன்ட்டை முதல் ஒன்றிரண்டு மரையை விட்டுவிட்டுத் தடவினால் போதும். ஹெட்லைட் போட்டால் டெம்பரேச்சர் முள் நகர்கிறது என்று யாராவது சொன்னால் மீட்டரைக் கழற்ற வேண்டாம், என்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டையைப் பாருங்கள். லைட் எல்லாம் போட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை பிளாக்கிலும் மறுமுனையை மீட்டரின் எர்த் போல்ட்டிலும் வைத்தால் 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டவே கூடாது. பழைய வண்டிகளில் பெயின்ட்டும் துருவும் சேர்ந்து இதை எங்கேயோ கொண்டுபோய் விட்டிருக்கும்.

கரண்ட் எடுக்கும் இடத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. சில பழைய டேஷ்களில் கம்பெனி மீட்டர்களுக்கு 12 வோல்ட் நேராகப் போகாது. பின்னால் சின்ன ரெகுலேட்டர் டப்பா இருக்கும், உள்ளே ஒரு பைமெட்டல் பட்டை சூடாகி சூடாகி விட்டு விட்டுத் தொட்டு, சராசரியாக 5 வோல்ட் மட்டும் அனுப்பும் (சில பிரிட்டிஷ் வண்டிகளில் 10). பக்கத்தில்தானே இருக்கிறது என்று அந்த ஒயரில் புது மீட்டரைச் சேர்த்தால் எதுவும் ஒழுங்காக வேலை செய்யாது. சாவி போட்டால் மட்டும் வருகிற, செல்ஃப் அடிக்கும்போதும் அறுந்துபோகாத லைனாகப் பார்த்து, தனி ஃப்யூஸ் போட்டு எடுங்கள். செல்ஃப் அடிக்கும் அந்தச் சில நொடிகளில் ஆயில் பிரஷர் ஏறுவதைப் பார்ப்பது எனக்கு முக்கியம்.

மாட்டுவதற்கு முன்னால் டெம்பரேச்சர் சென்சாரைக் கொதிக்கிற தண்ணீரில் சோதித்தேன். பாத்திரத்தின் அடியைத் தொடாமல் ஒயரில் தொங்கவிட்டு, உடம்புக்கு எர்த் கொடுத்து, மீட்டரை பேட்டரியில் இணைத்தேன். முள் மெதுவாக ஏறி 100க்கு ஒரு மயிரிழை கீழே நின்றது. உயரமான இடத்தில் இருப்பவர்கள் சுமார் 300 மீட்டருக்கு ஒரு டிகிரி கழித்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு சோதனை செய்துவிட்டால் பிறகு மேட்டில் முள் 98 காட்டும்போது அதை நம்பலாம்.

* * *

அண்ணே, டெம்பரேச்சர் பற்றி நானும் ஒன்று சொல்லியாக வேண்டும். முள் மேலே போனால்தான் ஆபத்து என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம், என் வண்டியில் ஆபத்து கீழே இறங்கித்தான் வந்தது. லோடோடு மேடு ஏறிக்கொண்டிருந்தேன், முள் வழக்கம்போல 90ஐத் தாண்டி மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. திடீரென்று 70க்கு விழுந்தது. மேடு அப்படியே இருக்கிறது, லோடு அப்படியே இருக்கிறது, சூடு மட்டும் எப்படி இறங்கும்? ஹீட்டரைத் திருப்பிப் பார்த்தால் சூடே இல்லாத காற்றுதான் வந்தது. உடனே ஓரங்கட்டி என்ஜினை அணைத்தேன். ரேடியேட்டர் கீழ் ஹோஸ் நீளவாக்கில் கிழிந்து தண்ணீர் முழுக்கப் போயிருந்தது. சென்சார் தெர்மோஸ்டாட் பக்கத்தில் உயரத்தில் இருப்பதால் தண்ணீர் இறங்கியதும் அதைச் சுற்றி வெறும் ஆவியும் காற்றும்தான், அது தண்ணீர் அளவுக்குச் சூட்டைக் கடத்தாது, முள் இறங்கிவிட்டது. உள்ளே இரும்பு வெந்துகொண்டிருந்திருக்கும். ஹெட் தப்பியது, முள் விழுந்ததைக் கண்ணால் பார்த்ததால் மட்டும்தான்.

அதன் பிறகு ரேடியேட்டரின் மேல் டேங்கில் லெவல் சுவிட்ச் ஒன்றும் ஒரு பஸ்ஸரும் வைத்தேன். சிலிண்டர் ஹெட் போல்ட்டுக்கு அடியில் வளையம் மாதிரி மாட்டும் சென்சாரும் உண்டு, அது இரும்பின் சூட்டையே அளப்பதால் தண்ணீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சொல்லும். அப்புறம் அண்ணே, நீங்கள் எக்ஸாஸ்ட் டெம்பரேச்சர் சென்சாரை டர்போவுக்கு முன்னால் வைத்தீர்களா, பின்னால் வைத்தீர்களா? எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் டிரில் போட எனக்குக் கை வரமாட்டேன் என்கிறது.

* * *

வோல்ட் மீட்டர் பற்றி யாரும் விரிவாக எழுதவில்லை, அதனால் நான் வருகிறேன். 60, 70களில் வந்த டிரக்குகள் பலவற்றில் வோல்ட் மீட்டர் கிடையாது, ஆம்மீட்டர்தான். சார்ஜ் ஆகும் கரண்ட் முழுவதும் ஃபயர்வால் கனெக்டர் வழியாக டேஷுக்குள் வந்து, மீட்டருக்குள் புகுந்து, திரும்ப வெளியே போகும். அந்தக் காலத்துச் சின்ன ஆல்டர்நேட்டருக்கு அது தாங்கியது. நாம் பெரிய ஆல்டர்நேட்டர் போட்டு, கூடுதல் லைட் போட்டு, அதே பழைய ஒயரில் ஓட்டுகிறோம். நான் வாங்கிய வண்டியில் மீட்டரின் பின்பக்கப் பிளாஸ்டிக் பழுப்பாகி, நட்டைச் சுற்றி உருகிக் கூம்பியிருந்தது. ஒயர் ரப்பரைத் தொட்டதும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருந்தால் டேஷோடு எரிந்திருக்கும்.

பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஆல்டர்நேட்டரிலிருந்து பேட்டரிக்குத் தடிமனான ஒயர் ஒன்றை ஃப்யூசிபிள் லிங்க் (கரண்ட் மிஞ்சினால் உருகி அறுந்துபோகும் ஒயர்த் துண்டு) போட்டு நேராக இழுத்தேன். ஆம்மீட்டருக்கு வந்த இரண்டு ஒயரையும் மீட்டரைத் தவிர்த்து ஒன்றாகச் சேர்த்து முடிந்தேன். அந்த இடத்தில் இப்போது 52 மில்லிமீட்டர் வோல்ட் மீட்டர் இருக்கிறது. நிறுத்தி வைத்திருக்கும்போது 12.6, ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை. ஓடிக்கொண்டே 13க்குக் கீழே வந்தால் சார்ஜ் இல்லை, 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய் பேட்டரி கொதிக்கப் போகிறது. ஆம்மீட்டர் வைத்திருக்கும் தம்பிகள் வேறெதற்கும் முன்னால் அதன் பின்பக்கத்தைக் கழற்றிப் பாருங்கள், இதைக் கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன்.

* * *

மேலே எழுதியவர் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். தண்ணீர் போனால் முள் இறங்கும் என்று தம்பி எழுதியதும் எல்லோர் கண்ணிலும் பட வேண்டிய விஷயம்.

எக்ஸாஸ்ட் கேட்ட தம்பிக்கு: டர்போவுக்கு முன்னால், மேனிஃபோல்டில்தான் வைத்தேன். பின்னால் வைத்தால் வேலை சுலபம், ஆனால் லோடில் அது 100, 150 டிகிரி குறைத்துக் காட்டலாம், அந்த வித்தியாசமும் ஒரே அளவில் இருக்காது, தாமதமாகவும் ஏறும். பிஸ்டனைக் காப்பாற்றத்தானே அந்த மீட்டர். டிரில் பிட்டில் கிரீஸ் நிறையத் தடவி, கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, ஒவ்வொரு தடவையும் துடைத்து, கடைசியில் காந்தக் கம்பி விட்டுத் துழாவி எடுங்கள். வார்ப்பிரும்புத் தூள் டர்பைன் இறக்கையில் படக் கூடாது. பயமாக இருந்தால் டர்போவைக் கழற்றிவிட்டே செய்யுங்கள், அதுதான் நிம்மதி.

ஒயர் விஷயத்திலும் கவனம். எக்ஸாஸ்ட் சூட்டை அளக்கும் சென்சாரான கே வகை தெர்மோகப்பிளின் ஒயர் எட்டவில்லை என்றால் சாதாரணச் செம்பு ஒயரைச் சேர்த்து நீட்டாதீர்கள், சேர்க்கிற இடத்தில் இருக்கும் சூட்டுக்கு ஏற்ப அளவு மாறிப்போகும், அதே கே வகை ஒயர்தான் வேண்டும். அமெரிக்க நிற முறையில் மஞ்சள்தான் பிளஸ், சிவப்பு மைனஸ். சிவப்பைப் பார்த்ததும் பிளஸ் என்று மாட்டினால் சூடு ஏற ஏற முள் பின்னால் போகும்.

பழைய டீசல்காரர்கள் பலர் தொடர்ந்து ஓட்டும் எல்லையாக 1250 ஃபாரன்ஹீட்டை, அதாவது சுமார் 675 டிகிரி செல்சியஸை வைத்துக்கொள்கிறார்கள். நான் 600ஐத் தாண்டினாலே கியர் இறக்கிவிடுவேன், அல்லது ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் விடுவேன், இரண்டு மூன்று நொடியில் முள் இறங்குவது தெரியும். மேடு ஏறி வந்து நிறுத்தும்போதும் இந்த மீட்டர் உதவுகிறது. முன்பெல்லாம் குத்துமதிப்பாக ஐடிலில் விட்டு அணைப்பேன், இப்போது முள் 180க்குக் கீழே வந்த பிறகுதான் சாவியைத் திருப்புகிறேன். மேனிஃபோல்டில் சென்சாரை மாட்டிய பிறகு ஒருமுறை நன்றாகச் சூடாக்கி, ஆறவிட்டு, அதைப் பிடித்திருக்கும் ஃபிட்டிங்கைத் திரும்ப ஒருமுறை இறுக்கிவிடு தம்பி. முதல் சூட்டில் அது கொஞ்சம் தளரும்.