வயிற்று பேண்டுக்கு சலைன் ஏத்தணும், ஊசின்னாலே மயக்கம் வருது – வழி சொல்லுங்க

பாமணியாறு (மன்னார்குடி பக்கம்)

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 41 வயசு. வீட்டுக்காரர் சிங்கப்பூர்ல வேலையா இருந்தப்ப நானும் அங்கதான் இருந்தேன். எடை குறையணும்னு அங்கேயே இரைப்பையோட மேல்பகுதியில பேண்ட் வெச்சாங்க. ஆபரேஷன் அப்ப மயக்க மருந்து கொடுத்துட்டதால எதுவும் தெரியலை. கஷ்டமெல்லாம் அதுக்கப்புறம்தான்.

தெரியாதவங்களுக்குச் சொல்றேன். பேண்டுங்கிறது இரைப்பையைச் சுத்திப் போடுற சிலிகான் வளையம். அதுல இருந்து ஒரு மெல்லிய குழாய் வரும். வயித்துத் தோலுக்கு அடியில, தசையோட சேர்த்து வெச்சிருக்கிற சின்ன போர்ட்டுல அது முடியும். போர்ட்டுல ஊசி குத்தி சலைன் ஏத்தினா வளையம் இறுகும், உறிஞ்சி எடுத்தா தளரும். ஆபரேஷன் முடிஞ்சு நாலு, ஆறு வாரத்துல ஆரம்பிச்சு, அப்பப்ப கொஞ்சம் கொஞ்சமா ஏத்திச் சரி பண்ணுவாங்க.

அந்த ஊசிதான் எனக்கு எமன். பெட்ல படுத்து வயித்துத் துணியை விலக்கினதும் நெஞ்சு படபடன்னு அடிக்கும். ஸ்பிரிட் வாசனை வந்துச்சுன்னா காது அடைச்சுக்கும், கண்ணு இருட்டும், உள்ளங்கையெல்லாம் சில்லுனு வேர்த்துடும். கடைசியா ஏத்தினப்ப, ஊசியை எடுத்து எழுந்து உட்கார்ந்தேன், அப்படியே சாய்ஞ்சுட்டேன். எங்கப்பாவும் ரத்தத்தைப் பார்த்தா இப்படித்தான் விழுவார்.

இப்ப ஊருக்கே வந்துட்டோம். பேண்ட் தளர்ந்து கிடக்கு, பசி பழையபடி வந்துடுச்சு, சாப்பாட்டு அளவும் ஏறிடுச்சு. திருச்சியில ஒரு டாக்டர் வரச் சொல்லியிருக்கார். எனக்குக் கால் எழும்பலை. வீட்டுல, "ரெண்டு பிள்ளை பெத்தவளுக்கு ஊசி ஒரு பயமா"ன்னு கேட்குறாங்க. அது இன்னும் வலிக்குது.

நான் கேட்க நினைச்சது: வயித்துத் தோல் மரத்துப்போக மருந்து இருக்கா? தூக்க மாத்திரை போட்டுக்கிட்டுப் போகலாமா? எங்க ஊர் கிளினிக்கிலேயே பழகின கைதான், ஊசி வலிக்காம போடுவாங்க, அங்கேயே சலைன் ஏத்திக்கலாமா? வெறும் வயித்தோட போகணுமா?

குடமுருட்டி (பாபநாசம்)

தங்கச்சி, எனக்கும் பேண்ட் இருக்கு. எனக்கும் ஊசின்னா பயம்தான், ஆனா மயக்கமெல்லாம் வந்தது இல்லை. நெஞ்சு அடிச்சுக்கும், எழுந்து ஓடிடலாம்னு தோணும். நான் பண்றது இதுதான்: மூச்சை மெதுவா இழுத்து, இழுத்ததைவிட நிதானமா, நீளமா வெளிய விடுவேன். உடம்பைத் தளர்த்திப் போட்டுடுவேன். காதுல ஹெட்போனை மாட்டி நாதஸ்வரம் கேட்டுக்கிட்டே கண்ணை மூடிப்பேன். ஊசியை ஒருநாளும் பார்த்ததில்லை.

காலையில ஒண்ணும் சாப்பிடாம போனா குமட்டல் வராது, அப்படியே போங்க. உள்ளூர் கிளினிக் வேண்டாம். அங்க அதுக்கான ஊசியே இருக்காது.

வெண்ணாறு (தஞ்சாவூர், ஸ்டாஃப் நர்ஸ்)

பாமணியாறு அக்கா, முதல்ல ஒண்ணு. பிள்ளை பெத்ததுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. ஊசி பயம் ரெண்டு விதமா இருக்கு, உங்களது இரண்டாவது விதம். குடமுருட்டி அண்ணனுக்கு வர்றது படபடப்பு, அது ஏறி ஏறி நிக்கும். உங்களுக்கு முதல்ல நாடித்துடிப்பும் பி.பி.யும் ஏறி, அடுத்த நிமிஷமே சரிஞ்சுடுது. மோட்டார் நின்னதும் குழாய்ல தண்ணி இறங்குற கணக்கா தலைக்குப் போற ரத்தம் குறைஞ்சுடும். காது அடைக்கிறது, கண்ணு இருட்டுறது, குளிர் வேர்வை எல்லாம் அதோட அறிகுறி. இது குடும்பத்துல ஓடும், அப்பாவுக்கும் இருக்கிறதா நீங்களே சொல்றீங்க. மனசு பலவீனம்னு யாராவது சொன்னா, பி.பி. இறங்குறதை மனசால பிடிச்சு நிறுத்த முடியுமான்னு கேளுங்க.

அதனாலதான் அண்ணனோட வழி அவருக்குச் சரி, உங்களுக்குச் சரிப்படாது. ஏற்கெனவே இறங்குற பி.பி.யோட உடம்பையும் தளர்த்திப் போட்டா மயக்கம் சீக்கிரமா வரும். உங்களுக்கு வேண்டியது நேர் எதிரானது, தசையை இறுக்குறது. சுவீடன் நாட்டு உளவியலாளர் லார்ஸ்-கோரன் ஓஸ்ட் 1980களில் வகுத்த முறை.

நாற்காலியில உட்காருங்க. கை, தொடை, வயிறு எல்லாத் தசையையும் ஒண்ணா இறுக்குங்க. முகத்துல சூடு ஏறுற வரைக்கும், 10-15 விநாடி. அப்புறம் விடுங்க, ஆனா துவண்டு போற அளவுக்கு விட வேண்டாம், சாதாரணமா உட்கார்ந்திருக்கிற நிலைக்கு வந்தா போதும். 20-30 விநாடி கழிச்சு மறுபடி இறுக்குங்க. ஒரு சுத்துக்கு அஞ்சு தடவை. தினம் சில சுத்து, ஒரு வாரமாவது பழகிட்டு டாக்டர்கிட்ட போங்க. தலை வலிச்சா இறுக்குற அழுத்தத்தைக் குறைச்சுக்கோங்க. பி.பி. அதிகமா இருக்கிறவங்க, இதய நோய் உள்ளவங்க, கர்ப்பிணிங்க டாக்டர்கிட்ட கேட்காம செய்யக் கூடாது.

உங்க விஷயத்துல ஒரு திருத்தம் வேணும். ஊசி போறதே வயித்துல. அந்த நேரத்துல வயிறு டாக்டர் சொல்ற நிலையிலதான் இருக்கணும். போர்ட் அசையாம நிக்கணும்னு சில டாக்டருங்க தலையையோ காலையோ தூக்கச் சொல்வாங்க, அப்ப வயிறு இறுகும். சொல்லலைன்னா வயித்தை அசைக்காம தொடையையும் கைமுட்டியையும் மட்டும் இறுக்குங்க. படுத்திருக்கிற வரைக்கும் மயக்கம் வர்றது குறைவு. நீங்க விழுந்தது எழுந்தப்பதான், அதை மறக்காதீங்க. ஊசி முடிஞ்சதும் கொஞ்ச நேரம் படுத்தே இருங்க, காலை இறுக்கிக்கிட்டே ஒருக்களிச்சு, உட்கார்ந்து, அப்புறம் நில்லுங்க.

இனி கேட்டதுக்கு வர்றேன். மரத்துப்போற க்ரீம் இருக்கு, லிடோகெயின் 2.5 சதவீதமும் பிரிலோகெயின் 2.5 சதவீதமும் கலந்தது. டாக்டர் சீட்டோட வாங்குங்க, மரத்துப்போற மருந்து எதாவது ஒத்துக்காம போயிருந்தா முன்கூட்டியே சொல்லுங்க. கெட்டியா வெச்சு மேல பிளாஸ்டர் ஒட்டி மூடணும், வேலை செய்ய ஒரு மணி நேரம் ஆகும். சும்மா தேய்ச்சுட்டு அஞ்சு நிமிஷத்துல குத்தச் சொன்னா பலன் இருக்காது. தோலுல சுமார் 3 மில்லிமீட்டர் ஆழத்துக்குத்தான் மரத்துப்போகும், அதுக்குக் கீழே ஒரு அழுத்தம் தெரியத்தான் செய்யும். அழுத்தம் தெரிஞ்சதும் "க்ரீம் வேலை செய்யலையே"ன்னு பதறிடாதீங்க. மன்னார்குடியில வெச்சுக்கிட்டு பஸ் ஏறாதீங்க, வேர்வையில நழுவிடும். ஆஸ்பத்திரிக்குப் போய் டோக்கன் வாங்கிக்கிட்டு, போர்ட் எங்க இருக்குன்னு பேனாவால குறிக்கச் சொல்லிக் கேட்டு, அந்த இடத்துல வெச்சுக்கோங்க. மரத்துப்போக ஊசியும் உண்டு. ஆனா அது குத்து மேல இன்னொரு குத்து, உங்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

தூக்க மாத்திரை நீங்களா போடாதீங்க. சலைன் ஏத்தினதும் உட்கார வெச்சுத் தண்ணி குடிக்கச் சொல்லிப் பார்ப்பாங்க, இறங்குதா நிக்குதான்னு நீங்கதான் சொல்லணும். அரைத்தூக்கத்துல அது முடியுமா? டாக்டரே மாத்திரை எழுதினா கூட ஆள் இல்லாம திரும்பாதீங்க.

உள்ளூர் கிளினிக் வேண்டவே வேண்டாம். அண்ணன் சொன்னது சரி. போர்ட்டோட வாய் ஒரு சிலிகான் திரை. சாதாரண ஊசி அதுல துணுக்கைச் செதுக்கி எடுத்துடும், அப்புறம் சலைன் கசியும். இதுக்குன்னு இருக்கிற ஹூபர் ஊசியோட நுனி வேற வார்ப்பு, திரையைச் செதுக்காம விலக்கிக்கிட்டு உள்ள போகும், எடுத்ததும் திரை மூடிக்கும். அது நீளமா இருக்கிறதைப் பார்த்துப் பலர் நடுங்குறாங்க. தோலுக்கும் போர்ட்டுக்கும் நடுவுல இருக்கிற கொழுப்பைத் தாண்டத்தான் அந்த நீளம். போர்ட்டுக்குக் கெட்டியான அடித்தட்டு இருக்கு, ஊசி அங்க போய் நின்னுடும். இரைப்பையைத் தொடுறதே இல்லை.

வெறும் வயிறு: பட்டினியும் தண்ணி குடிக்காததும் மயக்கத்தைக் கூட்டும். எக்ஸ்ரே வெச்சுப் பார்க்கிறதா இருந்தா சில மணி நேரம் எதுவும் வேண்டாம்பாங்க. போன் பண்ணிக் கேட்டுக்கிட்டு, அவங்க அனுமதிக்கிற நேரம் வரைக்கும் மோரோ இளநீரோ குடிங்க.

கடைசியா, ரொம்ப முக்கியம்: சிங்கப்பூர்ல கொடுத்த பேண்ட் அட்டையையும் டிஸ்சார்ஜ் சீட்டையும் தேடி எடுங்க. பேண்டுக்குப் பேண்டு கொள்ளளவு மாறும். எந்த வகை, உள்ள இப்ப எத்தனை மில்லி இருக்குன்னு தெரிஞ்சாத்தான் டாக்டர் நிதானமா ஏத்துவார். தெரியலைன்னா உள்ளதை உறிஞ்சி அளந்து பார்க்கணும், உங்களுக்கு ஊசி உள்ள இருக்கிற நேரம் அந்த அளவுக்கு நீளும்.

பாமணியாறு

படிச்சதும் அழுகையே வந்துடுச்சு வெண்ணாறு. இத்தனை வருஷமா நான் தைரியம் கெட்டவள்னு நினைச்சிருந்தேன். அட்டை கிடைச்சுடுச்சு, பாஸ்போர்ட் கவர்லேயே இருந்துச்சு.

இன்னும் ஒரு பயம். ஒரு தடவை போர்ட் கைக்குப் படலைன்னு தேடித் தேடிக் குத்தினாங்க. அது திரும்ப நடந்தா என்ன பண்றது? அப்புறம், சிரிஞ்சோட படத்தை போன்ல பார்த்தாலே எனக்கு வயித்தைப் பிரட்டுது.

அரசலாறு (கும்பகோணம்)

அக்கா, போர்ட்டைத் தேடுற பிரச்சினைக்கு வழி இருக்கு. எக்ஸ்ரே திரையில பார்த்துக்கிட்டே குத்துற வசதி அங்க இருக்கான்னு அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே கேளுங்க. போர்ட் எங்க, எந்தப் பக்கம் சாய்ஞ்சிருக்குன்னு அதுல தெளிவா தெரியும். எடை குறையக் குறைய போர்ட் தானாவே கைக்கு நல்லாத் தட்டுப்படும்.

படத்தைப் பார்த்தாலே பிரட்டுதுன்னா அங்கிருந்துதான் ஆரம்பிக்கணும். நான் இன்சுலின் போடுறவ. ஆரம்பத்துல சிரிஞ்சு டப்பாவையே அலமாரியில பூட்டி வெச்சிருந்தேன். எனக்குப் பார்த்த உளவியல் நிபுணர் படி போட்டுக் கொடுத்தாங்க. முதல் படி, படத்தைப் பார்த்துக்கிட்டு தசையை இறுக்குறது. பயம் பாதியா குறையுற வரைக்கும் கண்ணை எடுக்கக் கூடாது. அது பழகினப்புறம் ஊசி இல்லாத சிரிஞ்சைக் கையில வெச்சுக்கிறது. அதுக்கப்புறம் பஞ்சுல ஸ்பிரிட் நனைச்சு வயித்துல தடவிக்கிட்டுப் படுத்திருக்கிறது. அடுத்தவங்க ஊசி போட்டுக்கிறதைப் பக்கத்துல நின்னு பார்க்கிறது அதுக்கும் மேல. ஒரு படியில கால் ஊணினப்புறம்தான் அடுத்தது. பயந்து பாதியிலேயே ஓடிட்டா பயம் கெட்டிப்படும், அதனால சின்னப் படியா வெச்சுக்கோங்க. உங்க விஷயத்துல அந்த ஸ்பிரிட் வாசனைப் படிதான் பெரிய படின்னு தோணுது, அதுக்கு நேரம் எடுத்துக்கோங்க.

தனியா முடியலைன்னா திருவாரூர், தஞ்சாவூர் ரெண்டு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலயும் மனநலப் பிரிவு இருக்கு. போகக் கூச்சமா இருந்தா 14416க்கு போன் பண்ணுங்க. டெலி மானஸ்னு மத்திய அரசு 2022ல ஆரம்பிச்ச இலவசச் சேவை, தமிழ்லயே பேசுவாங்க.

குடமுருட்டி

வெறும் வயித்துல போகச் சொன்னதை விட்டுடுங்க தங்கச்சி, நர்ஸம்மா சொல்றதையே கேளுங்க. இன்னொண்ணு, டாக்டர்கிட்ட உள்ள போறதுக்கு முன்னாடியே "எனக்கு ஊசின்னா மயக்கம் வரும், படுக்க வெச்சுத்தான் போடணும், நான் கையைத் தூக்கினா நிறுத்தணும்"னு துண்டுச் சீட்டுல எழுதிக் கொடுத்துடுங்க. அந்த நேரத்துல வாய் எழும்பாது.

பாமணியாறு

போயிட்டு வந்துட்டேன்! எல்லாருக்கும் சொல்லணும்னு தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டுல உட்கார்ந்து எழுதுறேன்.

சீட்டைப் படிச்சுட்டு டாக்டர் ஒண்ணும் சொல்லலை, நர்ஸைக் கூப்பிட்டு என் பக்கத்துல நிக்கச் சொன்னார். போர்ட்டைத் தடவிப் பார்த்து பேனாவால வட்டம் போட்டாங்க, க்ரீம் வெச்சு ஒரு மணி நேரம் காத்திருந்தேன். எக்ஸ்ரே திரையில பார்த்துக்கிட்டே ஒரே குத்து. காது அடைக்க ஆரம்பிச்சது உண்மைதான். தொடையை இறுக்கினேன், முகம் சூடாச்சு, காது திறந்துக்கிச்சு. அப்படி ஒண்ணு என் உடம்புல நடக்கும்னு நான் நினைச்சதே இல்லை. எழுந்திருக்கும்போது வீட்டுக்காரர் கையைப் பிடிச்சுக்கிட்டார், விழலை. தண்ணியும் தடையில்லாம இறங்குச்சு.

ஒரே சந்தேகம். நாளைக்கு நாத்தனார் பொண்ணுக்கு நிச்சயதார்த்தம், இலை போட்டுச் சாப்பாடு. கொஞ்சமா சாதம் எடுத்துக்கலாமா?

வெண்ணாறு

ரொம்ப சந்தோஷம் அக்கா. சாதம் வேண்டாம். ஏத்தினப்புறம் டாக்டர் சொல்ற நாள் வரைக்கும், பெரும்பாலும் முதல் ஒண்ணு ரெண்டு நாள், நீராகாரம்தான். வடிகட்டின ரசம், மோர், நீர்க்க இருக்கிற கஞ்சி, எல்லாம் சின்னச் சின்ன மடக்கா. அப்புறம் குழைய வெந்தது, அதுக்கப்புறம் வழக்கமான சாப்பாடு. நிச்சயதார்த்தத்துல சோடா, கலர் எதுவும் கொடுத்தா தொடாதீங்க. இலையில உட்கார வெச்சு வற்புறுத்துவாங்க, டாக்டர் உத்தரவுன்னு முன்னாடியே நாத்தனார்கிட்ட சொல்லி வெச்சுடுங்க.

படுத்தா இருமல் வர்றது, புளிச்சு மேல வர்றது, திரும்பத் திரும்ப வாந்தி, இதெல்லாம் பேண்ட் இறுகிப் போனதோட அறிகுறி. அப்ப டாக்டரைக் கூப்பிட்டுக் கொஞ்சம் சலைன் எடுத்துடச் சொல்லணும். எடுக்கவும் ஊசிதானேன்னு தள்ளிப்போடாதீங்க. தண்ணியோ எச்சிலோ கூட இறங்கலைன்னா விடியட்டும்னு காத்திருக்காம அப்பவே திருச்சிக்குக் கிளம்பிடுங்க. டாக்டர் நம்பரை வீட்டுக்காரர் போன்லயும் பதிஞ்சு வைங்க.