கறுப்பு ஏரியில் நீந்தியபோது: என் அனுபவம்

ஃபின்லாந்தில் சுமார் 1,88,000 ஏரிகள். அதில் நிறைய, கரையில் நின்று பார்த்தால் கறுப்பு. ஹெல்சிங்கிக்குப் பக்கத்தில் இருக்கும் நூக்ஸியோ தேசியப் பூங்காவில் அப்படி ஒரு குட்டி ஏரியில்தான் நான் முதலில் இறங்கினேன். ஜூலை மாதம், நல்ல வெயில்.

சாக்கடைத் தண்ணீரோ என்று தயங்க வேண்டாம். கையில் அள்ளினால் நீர்த்துப்போன வரக்காப்பி நிறம், கசடு கிடையாது. சுற்றியுள்ள சதுப்புக் காட்டில் பாசியும் இலையும் மட்கி, அதன் சாறு மழையோடு கரைந்து ஏரிக்கு வருகிறது. அந்தச் சாறு வெளிச்சத்தில் நீலத்தை முதலில் விழுங்கிவிடும். அதனால் தண்ணீருக்குள் நீட்டிய கை முதலில் மஞ்சளாகத் தெரியும், இன்னும் இறக்கினால் செம்பு நிறம். முழங்காலுக்குக் கீழே நமக்குக் கால் இருப்பதே தெரியாது! கண்ணாடி போட்டுக்கொண்டு முங்கினாலும் பயனில்லை, பழுப்பு இருட்டுதான்.

உடம்புக்கு இன்னொரு வேடிக்கை. வெயிலின் சூட்டை இந்தத் தண்ணீர் மேலேயே பிடித்துக்கொள்கிறது, கீழே விடுவதில்லை. மார்பு வரை இதமாக இருக்கும். காலைத் தொங்கவிட்டால் விரல் நுனியில் சுரீரென்று குளிரும். மல்லாந்து மிதப்பதுதான் வழி. ஆனால் கடல் போல அது நம்மைத் தூக்கிப் பிடிக்காது, உப்பில்லாத தண்ணீர்.

நான் நீச்சல் பழகியது எங்கள் ஊர்க் கிணற்றில். அங்கேயும் அடி தெரியாதுதான். ஆனால் நாலு பக்கமும் சுவர் இருக்கும், மூச்சு வாங்கினால் படிக்கல்லைப் பிடித்துக்கொள்ளலாம். இங்கே நடு ஏரியில் பிடிக்க எதுவுமில்லை. பயம் ஆழத்தைப் பற்றியே இல்லை. இந்நாட்டு ஏரிகளின் சராசரி ஆழம் 7 மீட்டர்தான். கீழே என்ன இருக்கிறது என்று மனசு தானாகக் கதை கட்டுகிறதே, அதுதான் தொல்லை. அல்லித் தண்டு ஒன்று தொடையை மெல்ல உரசியபோது நான் போட்ட கத்தலில் கரையில் மக்காரா சுட்டுக்கொண்டிருந்த குடும்பம் மொத்தமும் எழுந்து நின்றுவிட்டது. (மக்காரா என்பது இங்கத்திய சாஸேஜ். அது இல்லாமல் இவர்களுக்குக் கோடை இல்லை.)

காரணம் எல்லாம் தெரிந்துகொண்ட பிறகு பயம் போயிற்றா என்றால், இல்லை. ஆனால் பிடிக்க ஆரம்பித்துவிட்டது. வெளியே வந்தால் குளோரின் வாடை இல்லை, உப்புப் பிசுபிசுப்பு இல்லை, ஈரக்காட்டு மணம் மட்டும் தோலில் கொஞ்ச நேரம் தங்கும்.

போகிறவர்களுக்கு: குதிக்காதீர்கள், பாறையோ மூழ்கிய மரமோ இருந்தால் மேலிருந்து தெரியாது. ஏணி வழியாக மெதுவாக இறங்குங்கள். குளிரில் முதல் ஒரு நிமிடம் மூச்சு திணறும், அது அடங்கிய பிறகு நீந்தலாம். கரையை ஒட்டியே போங்கள். பளிச்சென்ற ஆரஞ்சு நிறத் தொப்பி போடுங்கள், கூட ஒருவர் இருக்கட்டும். இந்தத் தண்ணீரில் ஒருவர் ஒரு ஆள் ஆழம் போய்விட்டால் மேலே இருப்பவர் கண்ணுக்குப் படமாட்டார்.